கடிக்கிற அழுத்தத்தாலேயே பல் ஆட ஆரம்பிக்குமா? ஈறில் கோளாறு இல்லை என்கிறார்கள்

அரைத்தூக்கம்:

வணக்கம். கீழே வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டேன். அந்தப் பல் நன்றாகவே இருக்கிறது. தொல்லை கொடுப்பது அதற்கு நேர் மேலே இருக்கிற பல். சொத்தை கிடையாது, அடைத்தது கிடையாது. அப்படி ஒரு பல் வாயில் இருப்பதையே நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது அழுத்திக் கடித்தால் மந்தமாக ஒரு வலி. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலால் பிடித்து அசைத்தால் லேசாக ஆடுகிறது, பக்கத்துப் பல் ஆடவில்லை. காலையில்தான் மோசம். தாடை ஓரமெல்லாம் இறுகிக் கிடக்கும், வாயை மூடினால் மற்ற எல்லாப் பல்லுக்கும் முன்னால் அது போய் முட்டும்.

முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, வேரைச் சுற்றிக் கறுப்புக் கோடு அகலமாகிவிட்டது, எலும்பு போகிறது, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகு மாதிரி பதிக்கிற செயற்கைப் பல், வைக்கலாம் என்றார். இன்னொருவர் ஈறுக்குள் மெல்லிய கம்பி மாதிரி ஒன்றை விட்டுச் சுற்றிலும் அளந்து பார்த்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழவில்லை, ரத்தமும் கசியவில்லை, கேப் கொஞ்சம் உயரம், அதுதான் இடிக்கிறது என்றார். கேப் ஒட்டிய அன்று மரப்பு ஊசி போட்டிருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. சரியாக இருக்கிறதா என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வெறும் கடி அழுத்தத்தால் நல்ல பல் ஆடுமா? ஆடினது திரும்ப உறுதியாகுமா? யாரை நம்புவது?

முன்வரிசை:

அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். என் கதை கொஞ்சம் வேறு. எனக்கு ஈறு நோய் முற்றி மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் சந்தே விழுந்துவிட்டது. டாக்டர் முதலில் ஈறை ஆழமாகச் சுத்தம் செய்தார். கடியைத் தொடவே இல்லை. ஈறு வற்றிய பிறகுதான் எந்தப் பல் எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் தேய்த்துச் சமன் செய்தார். கடைசியாக உட்பக்கம் மெல்லிய கம்பி வைத்து ஆறு பற்களையும் சேர்த்துக் கட்டினார். எல்லாப் பல்லும் இன்னும் என் வாயில்தான் இருக்கின்றன.

வேர்க்கால்:

ஈறு சிகிச்சைதான் என் தொழில். உங்கள் வாயைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டாவது டாக்டர் பக்கம்தான் சாய்வேன்.

பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் நிறைய நார்கள். நார்களின் ஒரு முனை வேரில் புதைந்திருக்கும், மறு முனை எலும்பில். இடையில் ரத்தக் குழாய்கள், நரம்புகள். கடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று மூளைக்குச் சொல்வதில் பெரும்பங்கு இந்த நரம்புகளுடையது. உங்கள் கீழ்ப் பல்லுக்குள் நரம்பை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் அதில் கடிப்பது உங்களுக்குத் தெரியும். அந்த உணர்வு வேருக்கு வெளியிலிருந்து வருகிறது. மரப்பு ஊசி போட்டால் அதுவும் அடங்கிவிடும். அதனால்தான் ஊசி போட்ட வாயிடம் கடி சரியா என்று கேட்பதில் அர்த்தமில்லை. மரப்பு போனதும் ஒருமுறை வரச்சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த நார்களில் பெரும்பாலானவை சாய்வாகக் கட்டப்பட்டவை. நேர் கீழாக வரும் பாரத்தை நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் திணறும். கேப்பின் ஒரு முனை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஒவ்வொரு தடவை வாய் மூடும்போதும் எதிர்ப் பல் சறுக்கி ஒரு பக்கம் தள்ளப்படும். பகலில் நாம் பல்லோடு பல் சேர்த்து வைப்பது மொத்தமாகவே கொஞ்ச நேரம்தான், வாய் சும்மா இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காலையில் தாடை இறுகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழுத்தம் மிஞ்சினால் உள்ளே என்ன நடக்கிறது? நசுங்குகிற பக்கத்தில் ரத்தக் குழாய் அடைபடுகிறது, அந்த இடத்து நார் செத்துப்போகிறது, எலும்பைத் தின்கிற செல்கள் வந்து அந்தச் சுவரைக் கரைக்கின்றன. இழுபடுகிற பக்கத்தில் நார்கள் அறுபடலாம், வேரின் மேல்பூச்சிலிருந்து ஒரு சில்லுகூடப் பெயரலாம். கம்பி போட்டுப் பல்லை நகர்த்தும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே தள்ளல் ஒரே திசையில், மெதுவாக. பல் விலகிப் போய்விடும். உங்கள் பல்லை நாக்குப் பக்கம் ஒருமுறை, கன்னப் பக்கம் ஒருமுறை என்று அந்தக் கேப் ஆட்டி வைக்கிறது, தப்பி ஓட இடமில்லை. இரண்டு பக்கமும் எலும்பு பின்வாங்கி இடைவெளி அகலமாகிறது. எக்ஸ்ரேயில் நீங்கள் பார்த்த கறுப்புக் கோடு இப்படியும் வரும். அதைப் பார்த்ததுமே எலும்பு போச்சு என்று முடிவுகட்டுவது அவசரம்.

நட்ட கம்பை ஆட்ட ஆட்டக் குழி பெரிதாகி ஒரு நாள் கையோடு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மண்ணுக்கு உயிரில்லை, எலும்புக்கு உண்டு. ஈறில் வீக்கமில்லாதவரை, அழுத்தத்தை எடுத்துவிட்டால் சில வாரங்களில் ஆட்டம் குறையத் தொடங்கும். எலும்பு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

கடியால் ஈறு நோயே வருமா என்பது எங்கள் துறையில் நூறு வருடச் சண்டை. 1901-இல் வியன்னாவில் கரோலி என்ற மருத்துவர் பல் கடிப்பதற்கும் ஈறு சீழுக்கும் முடிச்சுப் போட்டார். 1960-களில் கிளிக்மன் என்ற ஆய்வாளர், அழற்சியும் அழுத்தமும் சேர்ந்தால் எலும்பு அழியும் வழியே மாறுகிறது என்றார். பிறகு ஸ்வீடனில் நாய்களிலும் அமெரிக்காவில் குரங்குகளிலும் சோதித்தார்கள். ஏற்கனவே ஈறு நோய் இருக்கும் இடத்தில் அழுத்தம் அதை மோசமாக்குமா என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. அழற்சி இல்லாத ஈறில் அழுத்தம் மட்டும் பையை உண்டாக்காது என்பதில் ஒத்துப்போனார்கள். 2017-இல் உலக அளவில் கூடி ஈறு நோய்களைப் புதிதாக வகைப்படுத்தியபோதும் ஏறக்குறைய இதே நிலைப்பாடுதான். முன்வரிசை எழுதியது சரியான வரிசை. அவருக்குத் தாங்கும் எலும்பே குறைந்துவிட்டதால், சாதாரணக் கடிகூட அதிகமாகப் போனது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அந்த மேல் பல்லின் கன்னப் பக்கத்தில் ஆள்காட்டி விரல் நுனியை லேசாக வைத்து, பற்களை டக் டக்கென்று மெதுவாகத் தட்டுங்கள். பிறகு பக்கத்துப் பற்களிலும் அப்படியே. ஒன்று மட்டும் விரலில் அதிர்ந்தால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கடித்துவிட்டு விடும்போது சுரீர் என்று வலிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது விரிசலின் அடையாளமாக இருக்கலாம், அப்படியானால் வேறு பாதை.

பகல்வெயில்:

இடையில் ஒரு கேள்வி. இம்ப்ளான்டுக்கு இந்த நாரெல்லாம் கிடையாதே, அப்போ கடி அழுத்தம் பிரச்சினையே இல்லைதானே? அப்புறம், இரவில் பல்லில் மாட்டிக்கொள்கிற உறை, அந்த நைட் கார்டு போட்டால் பல் கடிக்கிற பழக்கம் நின்றுவிடுமா?

வேர்க்கால்:

நார் இல்லாததால்தான் அங்கே பிரச்சினை. உங்கள் பல் நேர் அழுத்தத்தில் சில பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அமுங்கிக் கொடுக்கும், இம்ப்ளான்ட் விரல் விட்டு எண்ணக்கூடிய மைக்ரான்தான். அழுத்தம் கூடுவதும் அதில் அவ்வளவாகத் தெரியாது. திருகு தளரும், மேலே உள்ள கேப் உடையும். பல்லை எடுத்துவிட்டால் கடித் தொல்லை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நைட் கார்டு பழக்கத்தை நிறுத்தாது. அழுத்தத்தைப் பல் வரிசை முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கும், தேய்வதானால் பல்லுக்குப் பதில் அது தேயும். என் கை எப்போதும் கெட்டியான அக்ரிலிக்கையே நாடும். ரப்பர் மாதிரி மெத்தென்ற வகையைச் சிலர் ராத்திரி முழுக்க மென்றுகொண்டே இருப்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் இரவுக் கடியைக் கிளப்பும். சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

அரைத்தூக்கம்:

விரல் வைத்துப் பார்த்தேன். அந்தப் பல் மட்டும் தெளிவாக அதிர்கிறது. விடும்போது சுரீர் வலி இல்லை. இரண்டாவது டாக்டரிடமே போனேன். பல்லைத் துடைத்துக் காயவைத்துவிட்டு நீலத் தாள் வைத்துக் கடிக்கச் சொன்னார், பிறகு சிவப்புத் தாள் வைத்துப் பக்கவாட்டில் தேய்க்கச் சொன்னார். கேப்பின் உள்பக்க முனையில் நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் வளையமாக ஒரு தடம். பக்கத்துப் பற்களில் வெறும் புள்ளிகள். பிறகு ஏதோ பளபளப்பான மெல்லிய தகட்டைப் பற்களுக்கு நடுவே வைத்து இழுத்தார். பக்கத்துப் பற்களில் வழுக்கிக்கொண்டு வந்தது, இங்கே பிடித்து நின்றது. கேப்பைக் கொஞ்சம் தேய்த்து மெருகு போட்டார். அன்றே முட்டல் போய்விட்டது. ஆட்டம் இன்னும் இருக்கிறது. எப்போது கவலைப்பட வேண்டும்?

வேர்க்கால்:

தேய்க்க வேண்டியது கேப்பைத்தான், நல்ல மேல் பல்லைத் தொடாமல் விட்டாரே, அவர் தெரிந்த ஆள். அந்தத் தகடு 8 மைக்ரான் தடிப்பு. தாளில் விழும் மையின் அளவைப் பார்த்து எங்கே அழுத்தம் அதிகம் என்று சொல்லிவிட முடியாது, பெரிய கறைகூட லேசான தொடுதலாக இருக்கும். அதனால்தான் தகட்டையும் இழுத்துப் பார்த்திருக்கிறார்.

விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், தினமும் ஆட்டினால் அதுவும் ஓர் அழுத்தம்தான். கொஞ்ச நாள் மறுபக்கம் மெல்லுங்கள், நைட் கார்டுக்கு அளவு கொடுங்கள். சில வாரம் கழித்து அவரே அதிர்வைப் பார்க்கட்டும். எக்ஸ்ரேயை இன்னும் ஆறு மாதம் ஆவதற்குள் எடுத்தால் பெரிதாக எதுவும் தெரியாது. அதற்கு நடுவில் ஆட்டம் கூடினாலோ, ஈறு வீங்கினாலோ, சூடு பட்டால் வலி நீண்ட நேரம் நின்றாலோ காத்திருக்காமல் போய்விடுங்கள். பல்லுக்குள் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று குளிர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அதை இதுவரை யாரும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.