சீமைக்கருவேலம் பரவும் வரைபடம்: ஊரே சிவப்பாக வருகிறது, எங்கே தப்பு?

கண்மாய்க்கரை:
முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன், கள்ளிக்குடிப் பக்கம். சீமைக்கருவேலம் இனி எங்கெல்லாம் பரவும் என்பதுதான் ப்ராஜெக்ட். பைக்கில் சுற்றி, மரம் நிற்கும் 212 இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். வேர்ல்டுகிளைம் என்ற உலகக் காலநிலைத் தரவின் 19 மாறிகளையும் (வெப்பம், மழை அளவுகள்) கொடுத்து, மரம் வேறெங்கே வளரும் என்று கணிக்கும் மேக்ஸென்ட் மென்பொருளை ஓட்டினேன். ஏயூசி, அதாவது மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்ற மதிப்பெண், 1-க்கு 0.94! கைடுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் இடிக்கிறது. வரைபடத்தில் சிறுமலை மேல்பகுதியைத் தவிர எல்லாமே சிவப்பு, அதாவது மரத்துக்கு ஏற்ற இடம். ஆள் நுழைய முடியாத எங்கள் கண்மாயும் சிவப்பு, ஒரு முள்ளுகூட இல்லாத அப்பாவின் கரிசல் காடும் அதே சிவப்பு.

வரப்பு:
பின்னணிப் புள்ளிகளை, அதாவது மரம் நிற்கும் இடங்களோடு மாடல் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களை, இந்தியா முழுக்க எடுத்தீர்களோ? அப்படியானால் கள்ளிக்குடி இமயமலை இல்லை என்பதைத்தான் மாடல் கண்டுபிடித்திருக்கிறது. அதற்கு 0.94 கொடுக்கலாம்! காலநிலைப் படத்தில் ஒரு கட்டமே சுமார் 1 கிலோமீட்டர். கண்மாயும் அப்பாவின் காடும் ஒன்றுக்குள் அடங்கிவிடும். 19 மாறிகளில் பல ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்பவை, ஐந்தாறு போதும். இந்த மரத்தின் பூர்வீகமான மெக்சிகோ, கரீபியன் பக்கத்துப் பதிவுகளையும் சேருங்கள். இல்லையென்றால் இங்கே இன்னும் போய்ச்சேராத இடத்தை, அதற்கு ஆகாத இடம் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். அப்புறம், பைக்கில் போய்க் குறித்தால் ரோட்டோர மரம்தானே கிடைக்கும்?

கிடைக்காரன்:
தம்பி, எனக்கு மாடல் தெரியாது, அறுபது உருப்படி ஆடு இருக்கிறது. கருவேல நெற்று இனிக்கும், கோடையில் வேறு தீனி ஏது? மென்றது போக மிச்சக் கொட்டை புழுக்கையோடு முழுசாக விழும். மாட்டுச் சாணியில் இன்னும் ஜாஸ்தி. தரிசில் கிடை போட்டால் அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும். உங்கள் அப்பா வருஷா வருஷம் உழுகிறார், குருத்திலேயே புரண்டுபோகிறது. இரண்டு வருஷம் உழாமல் போடச் சொல்லிப் பாருங்கள், வெயில் மழையெல்லாம் அதேதான் இருக்கும்.

கண்மாய்க்கரை:
வரப்பு அண்ணா, ஆமாம், இந்தியா முழுக்கத்தான் எடுத்தேன். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் வரை சுருக்கி மறுபடி ஓட்டுகிறேன். காலநிலைப் படத்தின் மேல் கண்மாய்களையும், அடங்கலை (கிராமத்துப் பயிர்க் கணக்கு) பார்த்துத் தரிசு நிலங்களையும் தனியாகப் போடலாம் என்று தோன்றுகிறது. கிடைக்காரரே, எங்கெங்கே கிடை போட்டீர்கள் என்று காட்டுவீர்களா? ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

கிடைக்காரன்:
வாங்க. பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டு வாங்க.