கடினநீர்ச் சிச்லிட் தொட்டியில் எந்தச் செடி நிலைத்தது?

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்கிவிடும். இந்தத் தண்ணீருக்கு ஒத்துப்போகும் மீனைத் தேடியபோதுதான் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் எம்புனா வகைச் சிச்லிட்டுகளைப் பற்றி அறிந்தேன். அந்த ஏரியின் நீர் காரத்தன்மை உடையது. பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே நான்கடித் தொட்டியில் மணல் பரப்பி, பாறைகளை அடுக்கி, அவ்வகையைச் சேர்ந்த மஞ்சள் லேபிடோக்ரோமிஸ் மீன்கள் பன்னிரண்டை விட்டேன். அவை நன்றாகவே வளர்ந்தன. தொட்டியில் பச்சை இல்லையே என்பதுதான் குறையாக இருந்தது.

கொளத்தூரில் ஹைக்ரோபிலா என்ற மெல்லிலை நீர்ச்செடியை வாங்கி வந்து நட்டேன். மூன்றாம் நாள் காலையில் மொட்டைத் தண்டுகள் மட்டும் மிதந்தன. தண்ணீரின் கடினத்தன்மையே காரணம் என்று நானாக முடிவுகட்டி, இரண்டு மாதம் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து ஊற்றினேன். செடிக்காக மீனின் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. நட்டதுபோக எஞ்சிய துண்டுகளை அதே கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு மொட்டைமாடியில் வைத்திருந்தேன். அவை தழைத்து வாளியை மூடியிருந்ததைப் பார்த்த பிறகுதான், குற்றவாளி தண்ணீர் அல்ல, மீன்தான் என்பது விளங்கியது. ஏரியில் பாறைமீது படரும் பாசியை மேயும் எம்புனா வகையின் முன்னால் மெல்லிய இலையை வைத்தால் அது வேறென்ன செய்யும்?

அதன்பின் இலை தடித்த செடிகளையே தேடினேன். மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைகளைச் சேர்ந்த அனூபியாஸை ஒரு கல்லில் தையல் நூலால் கட்டி வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்; கல்லோடு கட்டினாலோ, மீன் எவ்வளவு மணலைத் தோண்டினாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. மிக மெதுவாக வளர்வதால் அதன் இலைகளில் பாசி பிடிக்கும் என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். என் தொட்டியில் அந்தப் பாசியை மீன்களே மேய்ந்து துடைத்துவிடுகின்றன. ஜாவா ஃபெர்னையும் இப்படியே கட்டலாம். அதன் இலைக்கு அடியில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் நோயல்ல, செடி பெருகுவதற்கான வித்திகளின் (ஸ்போர்) திரள்கள். அது தெரியாமல் ஆரோக்கியமான இலைகளை வெட்டி எறிந்தவன் நான்.

வாலிஸ்னேரியாவோடுதான் நீண்ட காலம் போராடினேன். நட்ட மறுநாளே மீன்கள் பிடுங்கிவிடும். கடைசியில் சிறிய மண்சட்டிகளில் நட்டு, வாயைச் சுற்றிக் கூழாங்கற்களை அடுக்கியபின் வேர் பிடித்தது. சில வாரங்களில் இலைகளில் வெண்மையான சொரசொரப்பு படிந்ததைக் கண்டு பயந்தேன். தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயு போதாதபோது இந்தச் செடி கடினநீரில் நிறைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ளும் என்றும், அப்போது இலையை ஒட்டிய நீரின் பிஎச் உயர்ந்து சுண்ணாம்பு அங்கேயே படியும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். எந்தத் தண்ணீரை நான் குறை சொன்னேனோ, அதுதான் இதற்குச் சாப்பாடு. பாசியை ஒழிக்க ‘திரவ கார்பன்’ என்று விற்பதை ஊற்றிவிடாதீர்கள். ஒரே வாரத்தில் என் வாலிஸ்னேரியா முழுவதும் கரைந்துபோனது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் குடாநாடே சுண்ணாம்புக் கற்பாறை மேல் அமைந்தது என்பதால் கிணற்று நீரின் கடினத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நான் வளர்ப்பவை ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியின் சங்குவாழ் சிச்லிட்டுகள், அதாவது காலியான நத்தை ஓடுகளில் குடியிருப்பவை. அவை இலையைத் தின்பதில்லை. ஆனால் சங்கைச் சுற்றிக் குழி தோண்டுவதால் அருகில் நட்டவை சாய்ந்துவிடும். எனவே தொட்டியின் ஒரு மூலையைச் சங்கில்லாமல் விட்டு, அங்கே இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியை நட்டேன். பத்து நாட்களில் எல்லா இலைகளும் கூழாகிவிட்டன. இடம் மாறினால் இச்செடி இப்படித்தான் செய்யும் என்று அறிந்திருந்ததால் வேரைத் தொடவில்லை. அடுத்த மாதமே புதிய இலைகள் எழுந்தன. சென்னை நண்பரின் தொட்டியில் அந்தத் துளிர்களை எம்புனாக்கள் விட்டுவைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

சென்னையிலிருந்து:

உங்கள் சந்தேகம் சரிதான். நட்டுப் பார்த்தேன், துளிர் தப்பவில்லை. குஞ்சுகள் ஒளிந்துகொள்வதற்காக இப்போது ஹார்ன்வொர்ட்டை மிதக்க விட்டிருக்கிறேன். அதற்கு வேரே கிடையாது, பிடுங்குவதற்கும் ஒன்றுமில்லை. மீன்கள் கடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் கடிப்பதைவிட வேகமாக அது வளர்ந்துவிடுகிறது. உதிரும் ஊசியிலைகள் வடிகட்டியின் வாயை அடைப்பதால் வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டியிருக்கிறது, அவ்வளவே.