விடைத்தாள் கட்டைத் திருத்தி முடிக்கும் வரை காத்திருக்கச் சொல்கிறாரே, இது சரியா?

கரும்பலகை:
சிவப்புமை ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிள்ளை 'வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாலும், கையிலிருக்கும் கட்டைத் திருத்தி முடித்த பிறகு மேலே சொன்னால் போதுமாம். ஏன் முடிக்க வேண்டும்? கட்டு எங்கே ஓடிப் போகிறது? தாளைத் தனியே எடுத்து அப்போதே முதன்மைத் தேர்வாளரிடம் கொடுக்க வேண்டியதுதானே?

சிவப்புமை:
பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். 'மதிப்பெண் பாதிக்கப்படாமல் இருக்க' என்றும் எழுதியிருந்தேன். ஒருவரைப் பற்றிய ஓர் எண்ணம் அவருடைய மற்றத் திறன்களை எடைபோடும்போதும் ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர் தார்ன்டைக் 1920-லேயே காட்டிவிட்டார். தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பிறகு எவர் கையும் நடுநிலையாக இருக்காது.

கரும்பலகை:
ஓடச் சொல்லவில்லை, கொடுக்கச் சொன்னேன். இரக்கத்தில் மதிப்பெண் ஏறும் என்றால், அதே மனநிலையில் கட்டிலுள்ள மீதித் தாள்களையும் திருத்துங்கள் என்றா சொல்வீர்கள்? உங்கள் வாதம் உங்களுக்கே எதிராக நிற்கிறது. கட்டு முடியும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்கன்:
நடுநிலை என்று ஒன்று எப்போது இருந்தது? ஸ்டார்ச், எலியட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1913-ல் ஒரே வடிவியல் தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஆசிரியர்கள் 28 மதிப்பெண்ணில் தொடங்கி 90-க்கு மேல் வரை போட்டார்கள். கணக்கிலேயே இந்த லட்சணம்! முதலில் அதைப் பேசுங்கள்.

சிவப்புமை:
அவரவர் பள்ளி வழக்கப்படி திருத்தச் சொன்ன ஆய்வு அது. பொது விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவதோடு அதை ஒப்பிடுவது அபத்தம். அரை மதிப்பெண் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் எதையோ கொண்டுவந்து கொட்டிவிட்டுக் காணாமல் போனீர்கள்.

கணக்கன்:
காணாமல் போகவில்லை. பக்கவாரியாகக் கூட்டினால் அரை மதிப்பெண் விட்டுப்போகிறது, வினாவாரியாகவும் கூட்டிச் சரிபார்க்க வேண்டும் என்றேன். இன்றுவரை நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

மழலைக்காவல்:
பள்ளியில் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். இங்கிலாந்தில் இதற்கென்று நடைமுறை இருக்கிறது. தாளில் எழுதியிருப்பது பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தைத் தந்தால், தேர்வாளர் அதைத் தேர்வு வாரியத்துக்குத் தெரிவிக்கிறார். வாரியம் பள்ளியைத் தொடர்புகொள்கிறது. மதிப்பெண் வழக்கம்போல விடைக்கு மட்டும்தான். இரண்டும் தனித்தனி வேலைகள், இதில் சண்டைக்கே இடமில்லை.

சிவப்புமை:
சரி அம்மா, எழுதியது கற்பனை என்றால்? 'நண்பனுக்குக் கடிதம் எழுதுக' என்ற வினாவுக்கு உருக்கமாக எழுதும் பிள்ளைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் புகார் அனுப்பினால் நிரபராதியான பெற்றோர் வீட்டுக்கு விசாரணை போகும். அதற்கு யார் பொறுப்பு?

கரும்பலகை:
கற்பனையா உண்மையா என்று தீர்மானிக்கும் வேலையை உங்களிடம் யார் கொடுத்தார்கள்? நீங்கள் பார்ப்பது பிள்ளையின் பெயருக்குப் பதிலாகத் தாளில் இருக்கும் ஒரு போலி எண்ணை மட்டும். பிள்ளையின் முகமும் தெரியாது, வீடும் தெரியாது. தெரிந்தவர்கள் விசாரிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறோம். அந்த எண்ணிலிருந்து பள்ளியைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். அதற்கு மேல் உங்கள் கட்டு வேறு முடிய வேண்டுமா?

சிவப்புமை:
தேர்வு எழுதிய நாளிலிருந்து தாள் நம் மேசைக்கு வரவே எத்தனையோ நாள் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் உலகம் மாறிவிடுமா?

கரும்பலகை:
தாள் வந்து சேரும்வரை போன நாள்களுக்கு நாம் பொறுப்பல்ல. படித்த பிறகு போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நாம்தான் பொறுப்பு. பயந்துபோன ஒரு பிள்ளை வேறு யாரிடமும் சொல்ல முடியாமல், முகம் தெரியாத நம்மிடம் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த பிறகும் அடுத்த தாளைப் புரட்ட உங்களுக்குக் கை வருகிறதா? எனக்கு வராது.

சிவப்புமை:
கண்ணீர் வரவழைக்கும் வசனம் வேண்டாம். நானும் பிள்ளைகளைப் பெற்றவன்தான். கட்டு முடித்த பிறகு என்றேன், சொல்லவே வேண்டாம் என்று எங்கே சொன்னேன்?

மழலைக்காவல்:
ஐயா, தள்ளிப்போட்டால் மறந்துபோகும். கட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போன பிறகு அந்தத் தாளை எங்கே தேடுவீர்கள்?

சிவப்புமை:
எண்ணைக் குறித்துவைப்பேன். எனக்கு மறதி என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா?

கணக்கன்:
கூட்டலில் அரை மதிப்பெண்ணை மறப்பவர்கள் இதை மட்டும் மறக்கமாட்டார்களா?

சிவப்புமை:
பார்த்தீர்களா, மறுபடியும் அரை மதிப்பெண்! இவரோடு இனி பேச்சில்லை.

கரும்பலகை:
அவரை விடுங்கள், எனக்குச் சொல்லுங்கள். அந்தத் தாள் கட்டில் முதலாவதாக இருந்தால்? மீதி எல்லாவற்றையும் திருத்தி முடிக்கும் வரை அதை அடியில் வைத்திருப்பீர்களா?

சிவப்புமை:
நேற்றே பதில் சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

கரும்பலகை:
படித்தேன். 'கட்டு முடிந்த பிறகு' என்றுதான் இருக்கிறது. ஏன் என்று அங்கேயும் இல்லை.