கையெழுத்து வாங்கிய பிறகு "நான் பேசினதை எடுத்துருங்க" என்கிறாள் மாணவி. என்ன செய்வது?

கேள்வி (மண்டபம் கரை):
கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேர பிஎச்டி செய்கிறேன். கடலோரக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது ஆய்வு. என் வகுப்பிலேயே 14 பேரிடம் பேட்டி எடுத்தேன், 14 பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போன வாரம் ஒருத்தி வந்து தன் பேட்டியை எடுத்துவிடச் சொன்னாள். அவள் அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போவதை அதில் சொல்லியிருக்கிறாள். நெறியாளரோ, "கையெழுத்து இருக்குல்ல, விடுங்க" என்கிறார். படிவத்தில் விலகுவது பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு பேருக்கு 18 வயது ஆகவில்லை என்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது.

உப்பளத்தான்:
எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். படிவத்தில் அந்த வரி இல்லாதது உங்கள் குறை, அவளுடையது அல்ல. எனக்கு உறுத்துவது 14க்கு 14 கையெழுத்து. இன்டர்னல் மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? மதிப்பெண் ஏற்றிய பிறகு, வேறு துறை ஆசிரியர் ஒருவரை விட்டு எல்லாரிடமும் மறுபடி கேளுங்கள்.

பாம்பன் காற்று:
அக்கா, மற்றவர்களுக்கும் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர், அம்மாவின் தொழில், மகள் படிக்கும் பாடம், இந்த மூன்றும் தெரிந்தால் எங்கள் டீக்கடையில் வீட்டையே காட்டிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. உங்கள் ஆய்வேடு சோத்கங்காவில் (பிஎச்டி ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் தளம்) ஏறினால் எவரும் இறக்கிப் படிக்கலாம். கையெழுத்துப் போட்ட படிவமும் சேர்ந்தால் அந்த அம்மாவுக்கு எதிராக நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. "கடல் சார்ந்த வேலை" என்று எழுதுங்கள், ஊரையும் பாடத்தையும் எடுத்துவிடுங்கள்.

உப்பளத்தான்:
இது எனக்குத் தோன்றவில்லை. சரிதான்.

கரைவலை:
18 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் இரண்டும் வேண்டும். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 ஆய்வு நெறிமுறை வழிகாட்டுதல் மருத்துவ ஆய்வுக்கானது என்றாலும் படிவம் எழுத நல்ல மாதிரி. விசைப்படகில் போகும் அப்பாக்கள் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தான் இருப்பார்கள், இப்போதே போய்ப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கலாம். சாட்சிக்கு ஊர்த் தலைவரைக் கூப்பிடாதீர்கள், அவர் முன்னால் யார் மறுப்பார்கள்? முக்கியமாக, பழைய தேதி போடாதீர்கள். பேட்டிக்குப் பிறகு வாங்கியதை ஆய்வேட்டிலும் நெறிமுறைக் குழுவிடமும் சொல்லுங்கள். பெற்றோர் மறுத்தால் அந்தப் பேட்டி கிடையாது.

மண்டபம் கரை:
மறுபடி கேட்டாயிற்று. 14 இப்போது 9. நெறியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு சிக்கல்: ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்ய ஒரு டிடிபி கடையில் கொடுத்திருந்தேன். விலகியவர்களுடையதும் அதில் இருக்கிறது.

பாம்பன் காற்று:
ஐயோ. அந்த ஒலிப்பதிவில் ஊர்ப் பெயரே வருமே அக்கா. நேரில் போய் கணினி, பென்டிரைவ், வாட்ஸ்அப் மூன்றிலும் அழிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடையில் கொடுத்ததை அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

மண்டபம் கரை:
பத்து மணிக்குத்தான் கடை திறப்பார்கள். வாசலில் நிற்கிறேன்.