புதுப்பிப்பு: பாறை ஏறிய பின் இறங்க எந்தச் சப்பாத்து?

பாறை ஏறி முடித்து மறுபக்கப் பாதையால் நடந்து இறங்க, பாரமில்லாத சப்பாத்து எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஏறும் சப்பாத்து விரல்களை இறுக்கி மடக்கும். அதோடு இறக்கம் நடக்கவே முடியாது.

“செருப்பே போதும்” என்றவர்களை நம்பிப் பண்டாரவளைப் பக்கம் போனேன். மழையில் தேயிலைப் படிகள் சவர்க்காரம் மாதிரி. பாதியில் வார் அறுந்தது. மீதி வெறுங்கால்தான், விரலிடுக்கில் மூன்று அட்டை!

சரி, இப்போது மெல்லிய ஓட்டச் சப்பாத்து. சோடி 420 கிராம், குதிப்பக்கம் தட்டையாக மடங்கும், அடியில் நல்ல பல். ஏறும்போது அதை ஹார்னஸின் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டி) பின் வளையத்தில் கரபினரால் (திறந்து மூடும் உலோகக் கொளுக்கி) கொழுவுகிறேன். லேஸை உள்ளே திணித்துவிடுங்கள். என்னுடையது ஒருமுறை பாறை வெடிப்புக்குள் சிக்கி, கீழே நின்ற மச்சான் சிரித்தே களைத்துவிட்டான். நனைந்தால் காய இரண்டு நாள், நுவரெலியாக் குளிரில் இன்னும் கூட.