நிலம் விற்ற பணத்தில் தசமபாகம்: தங்கச்சிக்குக் கொடுப்பதைக் கழிக்கலாமா?

பனங்காட்டான்:
தூத்துக்குடி மாவட்டம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அப்பா தவறி நாலு வருடம் ஆகிறது. போன மாதம் அவருடைய தோட்டத்தை 76 லட்சத்துக்கு விற்று நானும் தம்பியும் ஆளுக்கு 38 என்று பிரித்துக்கொண்டோம். சம்பளத்தில் மாதாமாதம் பத்தில் ஒன்றைத் தசமபாகமாக எடுத்து வைத்துப் பழகியவன்தான், அதில் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஆனால் 3 லட்சத்து 80 ஆயிரம் என்று செக்கில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது, இதை வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சபையில் புது மண்டபம் கட்டுகிறார்கள், லட்சத்துக்கு மேல் கொடுத்தால் கல்வெட்டில் அப்பா பெயர் போடுவார்களாம். இன்னொரு பக்கம் தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தொழில் நொடித்துப்போய் வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறது. அவளுக்கு ஒரு 2 லட்சம் கொடுத்துவிட்டு அதைத் தசமபாகத்தில் கழித்துக்கொள்ளலாமா? யாராவது அனுபவத்தில் சொல்லுங்கள்.

சாலேம்தாசன்:
ஸ்தோத்திரம் பிரதர். மல்கியா 3:10 தெளிவாக இருக்கிறது, தசமபாகம் முழுவதும் பண்டசாலைக்குத்தான், அதாவது சபைக்கு. தங்கச்சிக்குச் செய்வது மீதி 90-இல் இருந்து. கணக்குப் பார்க்காமல் கொடுத்துப் பாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும்.

மார்த்தாள் மகள்:
மல்கியாவை எல்லாரும் சொல்கிறார்கள், உபாகமம் 14-இன் கடைசி இரண்டு வசனங்களை யாரும் வாசிப்பதில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலிலே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஆலய ஊழியம் செய்கிற லேவியனும் அந்தப் பந்தியில் ஒருவன், அவ்வளவுதான். வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது, அதையும் சேர்த்து வாசியுங்கள். அப்புறம் பலகணி திறக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பதற்குச் சீட்டுக் கட்டுவது என்று பெயர், காணிக்கை என்று சொல்லாதீர்கள்.

பேனா நகராததைப் பற்றி. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். பஞ்சம் பிழைத்த வீடு, அந்த ஒரு பிடி குறைந்தால் யாரோ ஒருத்தர் வயிற்றில் தெரியும், அப்படியும் போடுவாள். மிசோரத்தில் 1910-இல் தொடங்கிய இதே பிடியரிசி வழக்கத்தால் இன்றைக்கும் அங்குள்ள சபைகள் ஊழியங்களைத் தாங்குகின்றன. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனங்கள் கொடுப்பதில்தான் நடத்துவோம் என்றார்கள். தினமும் பிடி பிடியாக எடுத்துப் பழகின கைக்கு மொத்தமாக எடுக்கத் தெரியாது, அது பெரிய பாவம் எல்லாம் இல்லை அண்ணாச்சி. கட்டாயமாகவும் விசனமாகவும் கொடுக்காதே என்றுதானே பவுலும் 2 கொரிந்தியர் 9-இல் எழுதுகிறார். இன்றே எழுத வேண்டும் என்று ஒன்றுமில்லை. கல்வெட்டை மட்டும் விட்டுவிடுங்கள், ஏற்கெனவே எங்கள் கோவில் சுவரில் மின்விசிறி இறக்கை வரைக்கும் பெயர்தான்.

பேரேடு:
எல்லாரும் வேதாகமத்தில் இருக்கிறீர்கள், நான் கணக்கில் இருக்கிறேன். 38 எப்படி வந்தது? கிறிஸ்தவர்களான நமக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம், ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. 76-இல் அம்மாவுக்கு 25 லட்சத்துக்குச் சற்று மேல், தங்கச்சிக்குக் கிட்டத்தட்ட 17. அவர்களிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் வாங்கியிருப்பீர்கள், சட்டப்படி தப்பில்லை. ஆனால் 17 வர வேண்டிய இடத்தில் 2 கொடுத்து, அதையும் தர்மக்கணக்கில் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். இயேசுவைக் கண்டு மனம் மாறின ஆயக்காரன் சகேயு இரண்டு பேரேடு வைத்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அது ஒன்று. அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனை, அது வேறு. இரண்டாவதை முதலாவதில் அவன் கழிக்கவில்லை.

மண்டபத்துக்குக் கொடுத்தால் ரசீதில் 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, இருக்கிறதா என்று பாருங்கள். 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, புதிய வரிமுறையில் இருந்தால் 80ஜி கழிவே இல்லை.

பனங்காட்டான்:
பேரேடு சார், படித்ததும் கோபம்தான் வந்தது, இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. கல்யாணத்தில் 60 பவுன் போட்டோம், அவளே மனசார வந்து கையெழுத்துப் போட்டாள் என்று நீளமாகப் பதில் தட்டி வைத்திருந்தேன். மனசாரவா என்று அம்மாவிடம் கேட்டேன். "பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி பேனாவ கையில குடுத்தா அவ என்னல சொல்லுவா?" என்றார்கள். தட்டி வைத்ததை அழித்துவிட்டேன்.

தம்பி சம்மதிக்க மாட்டான், அவன் பங்கில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. என் பக்கத்தில் இருந்து எட்டரை லட்சம் அவளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன், அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் பத்தில் ஒன்று. அம்மா பங்கை அவர்களிடமே கேட்க வேண்டும். நேற்று தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "மதினிக்குத் தெரியுமாண்ணே?" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. இன்று ராத்திரி சொல்ல வேண்டும்.