நூலகம், ஆவணக் காப்பகம்: பதிவுக்கு எந்தத் தொழில் குறியீடு?

வணக்கம். பழைய இதழ்கள், குடும்பக் கடிதங்கள், வரைபடங்களைச் சேகரித்துப் பட்டியலிட்டு, ஆய்வாளர்களுக்குப் படிக்கத் தரும் சிறு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யப் போகிறேன். ஐ.நா.வின் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் 4ஆம் திருத்தத்தில் நூலக, ஆவணக் காப்பகப் பணிகளுக்கு 9101 இருக்கிறது. படிப்பறை, பட்டியலிடுதல், இரவல், தேடித் தருதல், புகைப்படத் தொகுப்புச் சேவைகூட அதில் அடங்கும். அதுவரை சரி.

ஆனால் பிறர் கொண்டுவரும் தாள்களைக் கட்டணத்துக்கு ஸ்கேன் செய்தும் தரப்போகிறோம். அது நகலெடுப்பு, ஆவணத் தயாரிப்புக்கான 8219இல் சேருமா? அலுவலகக் கோப்புகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தால் அது 5210, கிடங்கு வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

9101ஐ முதன்மையாக வைத்து மற்றவற்றைத் துணைக் குறியீடாகச் சேர்க்கலாமா? இப்படிப் பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால், தொழில் விவரத்தை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். ரொம்ப உதவியாக இருக்கும்.